லோகோ வரைகிற தோழர்களுக்கு

ஏப்ரல் 14 நெருங்கினால் நம்மில் ஒருவருக்கு மட்டும் தூக்கம் போய்விடும். ஃபோட்டோஷாப் தெரிந்தவர், அல்லது கைப்பேசியில் கேன்வா ஓட்டத் தெரிந்தவர். வாசகர் வட்டத்துக்கு லோகோ, மாணவர் அமைப்புக்கு லோகோ, இரவுப் பள்ளிக்கு லோகோ. ஃபிளெக்ஸ் கடை பூட்டுவதற்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். "ஒரு லோகோதானே தோழர், சும்மா போட்டுக் குடுங்க" என்றுதான் கேட்கிறோம். பேச்சாளருக்கு பஸ் காசு உண்டு, மைக் செட்டுக்கு முன்பணம் உண்டு, வரைந்தவருக்கு டீ கூட நிச்சயமில்லை. அது ஒரு வேலை என்றே நமக்குத் தோன்றுவதில்லை; அவருடைய பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பொழுதுபோக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறார். இந்திய ரூபாயின் குறியீட்டை வரைந்த உதயகுமார் பிறந்தது கள்ளக்குறிச்சியில். அவருடைய தந்தை தர்மலிங்கம் 1971இல் ரிஷிவந்தியம் தொகுதியில் வென்ற திமுக சட்டமன்ற உறுப்பினர். மகன் சென்னையில் கட்டடக் கலை படித்துவிட்டு, மும்பை ஐஐடியில் வடிவமைப்புத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். எடுத்துக்கொண்ட பொருள் தமிழ் எழுத்துருக்கள். 2009இல் ஒன்றிய நிதி அமைச்சகம் ரூபாய்க்குக் குறியீடு கேட்டுப் போட்டி அறிவித்தபோது, ஆய்வுக்கு நடுவே அவரும் வரைந்து அனுப்பினார். மூவாயிரத்துக்கும் மேல் குவிந்தவற்றில் ஐந்து இறுதிச் சுற்றுக்குப் போயின. 2010 ஜூலை 15 அன்று ஒன்றிய அமைச்சரவை அவருடையதை ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். இன்று அது ரூபாய் நோட்டில் இருக்கிறது, பெட்டிக்கடை விலைப்பட்டியலிலும் இருக்கிறது.

அந்தக் குறியீட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் சேர்ந்த வடிவம் அது. தமிழ் எழுத்தை வருடக்கணக்கில் ஆராய்ந்த ஒருவரின் கையிலிருந்து வந்ததில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாடு முழுமைக்கும் பொதுவான ஒன்றைக் கொண்டுவா என்று டெல்லி கேட்டால், எது பொது என்பது வரைபவர் பென்சிலை எடுக்கும் முன்பே முடிவாகியிருக்கிறது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் அந்தக் குறியீட்டை எடுத்துவிட்டு 'ரூ' என்று போட்டபோது எழுந்த கூச்சலை நாம் எல்லோரும் கேட்டோம். ஓர் எழுத்துக்கு அவ்வளவு ஆத்திரம்! (எந்தக் குறியீடு போட்டாலும் நூறு நாள் வேலைக் கூலி நேரத்துக்கு வருவதில்லை என்பது தனிக் கதை.)

மேலே இருப்பவர்கள் முடிவு செய்துவைத்த அடையாளத்தை மறுத்து, தங்களுடையதைத் தாங்களே வரைந்துகொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்றொரு கவுண்டி. அங்கே கறுப்பின மக்களே பெரும்பான்மை. ஆனாலும் 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. போராடிப் பெயர் சேர்த்தார்கள், தனிக் கட்சி தொடங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டும் என்பதால் அங்கே கட்சிக்குச் சின்னம் தேவை. அம்மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். கூடவே வெள்ளையர் மேலாதிக்கம் என்ற முழக்கம். ரூத் ஹோவர்டு என்ற இளம் செயற்பாட்டாளர் தம் மக்களுக்காக முதலில் ஒரு புறாவை வரைந்தார். அது யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு கிளார்க் கல்லூரியின் அடையாளமாக இருந்த சிறுத்தையைப் பார்த்துக் கருஞ்சிறுத்தையை வரைந்தார். அவர் தொழில்முறை ஓவியர் அல்லர். இயக்க வேலைகளுக்கு நடுவே செய்தது. புறாவை வேண்டாம் என்று சொன்ன அந்த மக்களையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிறுத்தையை 1966இல் ஓக்லாண்டு இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. அதன் தொடர்ச்சியாக மதுரையில் மலைச்சாமி தொடங்கிய இயக்கத்துக்கு, அவர் மறைவுக்குப் பின் தலைமையேற்ற தொல். திருமாவளவன், 1990இல் நீலமும் சிவப்பும் நடுவில் நட்சத்திரமுமாகக் கொடியை வடிவமைத்தார். அப்போது அவர் மதுரையில் தடய அறிவியல் துறையில் அரசு ஊழியர். பகலில் ஆய்வகம், மற்ற நேரத்தில் இயக்கம். அந்தக் கொடியை ஏற்றவிடாமல் தடுப்பதற்கு இன்றும் எத்தனை ஊர்களில் கூட்டம் கூடுகிறது, எத்தனை கொடிக்கம்பங்கள் வெட்டப்படுகின்றன! வெறும் அலங்காரமாக இருந்தால் யார் வெட்டப்போகிறார்கள்?

பானைச் சின்னம் நாம் வரைந்ததல்ல. தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் கிடந்தது. 2024இல் சிதம்பரத்திலும் விழுப்புரத்திலும் அது வென்றது. விழுப்புரம் தொகுதியில் இருக்கும் நம் மாவட்டத்து உளுந்தூர்பேட்டைக்காரர்களும் பானையைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தினார்கள். பொதுப் பானையில் தண்ணீர் மொள்ளவிடாத ஊரில் அந்தச் சின்னத்துக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இப்போது நம் அமைப்புகளுக்கு வருகிற லோகோக்கள். உடைந்த சங்கிலி, உயர்த்திய முட்டி, பின்னால் உதயசூரியன் மாதிரி ஒரு கதிர். வார்ப்புருவைத் திறந்து பெயரை மட்டும் மாற்றினால் தூத்துக்குடிக்கும் பொருந்தும், தருமபுரிக்கும் பொருந்தும். பழங்குடி அமைப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம்: வில், அம்பு, தலையில் இறகு. கல்வராயன் மலையில் யார் தலையில் இறகு செருகியிருக்கிறார்கள்? அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறவர்கள், கடுக்காய் பொறுக்கி விற்கிறவர்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அந்த வரலாறு ஓர் இறகில் வருமா?

மலைக்கும் ஊருக்கும் ஏற்கெனவே பிறர் வரைந்து வைத்த படங்கள் இருக்கின்றன. சுற்றுலாக்காரர்களுக்குக் கல்வராயன் என்றால் அருவி. போலீசுக்குச் சாராய ஊறல். கருணாபுரத்தில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கள்ளக்குறிச்சி என்ற பெயரைக் கேட்டாலே பொதுப்புத்தியில் எழுவது மருத்துவமனை வாசலும் வரிசையாக எரிந்த சிதைகளும்தான். செத்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். குடிகாரர்கள் என்ற முத்திரையையும் அவர்கள் மேலேயே குத்தியாயிற்று. அந்தப் படங்களுக்கு நடுவில்தான் நீங்கள் வரைவதும் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வரைகிற தோழர்களே, மடிக்கணினியைத் திறக்கும் முன் வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வாருங்கள். வரைந்ததை முதலில் காட்ட வேண்டியது வாட்சப் குழுவில் அல்ல. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பாட்டியிடம். "இது என்ன ஆயா?" என்று கேளுங்கள். அவர் புறா என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினால் மறுபடி வரையுங்கள். வரையச் சொல்கிற தோழர்களே, பஸ் கட்டணத்தையும் இரண்டு நாள் கூலியையும் மைக் செட் செலவோடு சேர்த்தே வசூலியுங்கள். வரைந்தவர் பெயரை அழைப்பிதழில் போடுங்கள். இரண்டரை லட்சம் நம்மிடம் இல்லை, ஆயிரம் ரூபாயுமா இல்லை?

இன்னொன்று, தொழில் விஷயம். ஏழு வண்ணத்தில் திரையில் மின்னுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் நீலத்தைக் குழைத்து ஒரு பையன் கையால் வரைய முடிகிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாய் நாணய அளவில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து, பட்டா கேட்டு எழுதிய மனுவின் அடியில் குத்திப் பாருங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் நாலு மேசை மாறி, கசங்கித் திரும்பி வந்தாலும் அது யாருடைய சங்கம் என்று தெரிய வேண்டும்.