வீட்டுல அட்டெண்டர் வைக்கப் போறீங்களா? ஆதார் கார்டை மட்டும் பார்த்தா போதாது... ஏன்?

"அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, நாளைக்கு டிஸ்சார்ஜ். பாத்துக்க ஆள் வேணும்." இப்படி ஒரு போன் ஏஜென்சிக்குப் போகும். மறுநாள் காலையில் கையில் ஒரு பையோடு ஒரு பெண் வாசலில் நிற்பார். சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் இது இப்போது சாதாரணக் காட்சி.

வந்தவரிடம் வீட்டார் முதலில் கேட்பது ஆதார் கார்டு. அடுத்து பீரோ சாவி இடம் மாறும், ஹாலில் ஒரு கேமரா ஏறும். தப்பில்லை. வீட்டு வேலைக்கு வருபவரின் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டாயம் செய்ய வேண்டியதுதான்.

ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆபத்து பெரும்பாலும் பீரோ பக்கமிருந்து வருவதில்லை. படுக்கைப்புண், சாப்பிடும்போது புரையேறுவது, பாத்ரூமில் வழுக்கி விழுவது, மாத்திரை மாறிப்போவது... இதில் எதையும் ஆதார் கார்டு சொல்லாது.

இந்தக் கவலை சில வீடுகளோடு முடிவதும் இல்லை. 2021 கணிப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது அதே கணிப்பு.

வந்திருப்பது நர்ஸா, அட்டெண்டரா?

யார் வந்தாலும் 'ஹோம் நர்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குது. நர்ஸ் என்றால் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார். குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, ஊட்டிவிட வருபவர் அட்டெண்டர். அவருக்கு முறையான பயிற்சி இருக்கலாம், ஒரு வாரம் பார்த்துப் பழகியதோடு வந்திருக்கவும் செய்யலாம். அவரிடம் "அந்த இன்சுலினையும் நீங்களே போட்டுடுங்கம்மா" என்று சொல்வது அவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குழாய் இடம் மாறியது தெரியாமல் கஞ்சியை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.

இரண்டு மணி நேரக் கணக்கு

தானாகப் புரண்டு படுக்க முடியாதவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும் என்பதுதான் மருத்துவமனைகளில் சொல்லி அனுப்பும் பொதுக் கணக்கு. ஆபரேஷன் ஆனவரை எந்தப் பக்கம் திருப்பலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளணும். 'அதான் காற்று மெத்தை வாங்கிப் போட்டாச்சே' என்று விட்டுவிட முடியாது. மெத்தை உதவும், அதுவே வந்து திருப்பிப் போடாது.

புண் முதலில் வரும் இடங்கள் முதுகுத்தண்டின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால். தோல் சிவந்திருக்கா பாருங்க என்பார்கள். நம்மில் பலரின் தோல் நிறத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பார்க்கணும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருத்தோ இருந்தால் அதுதான் ஆரம்பம். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, உள்ளே திசு இன்னும் சிதையும். தினமும் குளிப்பாட்டும்போது குடும்பத்தில் ஒருவர் கூட நின்று முதுகைப் பார்த்தால், கேமராவில் சிக்காதது கண்ணில் சிக்கும். உணவு கொடுக்கும்போதும் கவனியுங்கள். படுக்க வைத்தபடி ஊட்டுகிறார் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உட்கார வைத்து ஊட்டி, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது தலைப்பக்கம் உயர்ந்திருக்கணும்.

இப்போது கணக்குப் போடுவோம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 12 முறை. இரவு 10 மணி முதல் காலை 6 மணிக்குள் மட்டும் நாலைந்து முறை எழுந்திருக்கணும். 12 மணி நேர ஷிப்டுக்கு இரண்டு பேர் வைத்தால் செலவு கட்டுப்படியாகாது என்று பல வீடுகள் '24 மணி நேர' ஆள் ஒருவரை வைக்கின்றன. நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே பாய் விரித்து, தொடர்ந்து ஒரு மாதம். அவர் எப்போது தூங்குவார்? பத்தாவது நாள் ராத்திரி 2 மணிக்கு அவர் எழுந்திருக்கவில்லை என்றால், அதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? வாரம் ஒரு நாள் லீவும், ராத்திரியில் ஒரு முறையாவது குடும்பத்தார் எழுந்து மாற்றிவிடுவதும் அவருக்குக் காட்டும் சலுகை இல்லை. நோயாளியின் பாதுகாப்பே அதில்தான் இருக்கு.

தப்பு நடந்தால் யார் பொறுப்பு?

"நாங்க ஆள் அனுப்புறதோட சரி சார்" என்பது சில ஏஜென்சிகளின் பதில். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தருவதாக ஒப்புக்கொண்ட நிறுவனத்தின் மீது, சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்களே நேரடியாகச் சம்பளம் கொடுத்து வைத்த ஆள் என்றால் அந்த வழி கிடைப்பது கஷ்டம். அதனால் ரசீதும் எழுத்தில் ஒப்பந்தமும் முக்கியம். என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், லீவுக்கு மாற்று ஆள் யார் என்பதெல்லாம் அதில் இருக்கணும்.

பலருக்குத் தெரியாத ஒரு சட்டப்பிரிவும் இருக்கு. நோயாலோ உடல் பலவீனத்தாலோ தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாதவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துவிட்டு, வேண்டுமென்றே கைவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 357-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு அபராதம் வெறும் 200 ரூபாய்!

வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவு செய்து, குறைந்தபட்சத் தரம் வகுக்க வழிசெய்யும் மூத்த குடிமக்கள் சட்டத் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. நிறைவேறாமலே 2024-ல் அந்த மக்களவையின் காலத்தோடு காலாவதியானது. இன்னொரு பக்கம், வீட்டுப் பணியாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது.

ஆள் வைக்க வசதி இல்லைன்னா?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும், வலி குறைக்கும் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யக் கேளுங்கள். வருபவர்களிடம் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி, புண்ணைச் சுத்தம் செய்வது எப்படி என்று வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளலாம். முதியவரை அடிக்கிறார்கள், கட்டிப்போடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால், செய்வது வெளியாளாக இருந்தாலும் சரி, சொந்தக்காரராக இருந்தாலும் சரி, முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.