தோல் என்னும் கோட்டைச் சுவர்

காஞ்சிபுரம் என்றதும் நினைவுக்கு வருவது பட்டுச் சேலை. அச்சேலையை உடுத்தும் இடுப்பிலேயே ஒரு புற்றுநோய் தோன்றக்கூடும் என்று படித்தபோது திடுக்கிட்டேன். உள்பாவாடை நாடாவையோ வேட்டியையோ பல்லாண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால், தோல் கறுத்துத் தடித்துப் புண்ணாகி, அரிதாகச் சிலருக்குப் புற்றாகவும் மாறுகிறது. வேட்டியால் வரும் இந்நோயைக் கனோல்கர், சூரியாபாய் என்னும் இந்திய ஆய்வாளர்கள் 1945-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துள்ளனர்.

தோலில் வந்த நோய்க்குத் தோலின் வழியே மருந்து செலுத்தினால் என்ன? கேள்வி எளிது, செயல் அரிது. தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் மயிரிழையின் பாதித் தடிமன்கூட இல்லாதது. ஆயினும் அது ஒரு கோட்டைச் சுவர்! இறந்த உயிரணுக்களே செங்கல். இடையிலுள்ள கொழுப்பே சாந்து. பெரிய மூலக்கூறுகளை அது எளிதில் உள்ளே விடுவதில்லை.

அச்சுவரைக் கடக்க அறிவியல் வழி தேடுகிறது. ஃபுளூரோயுராசில் களிம்பு, கட்டுக்கடங்காமல் பெருகும் உயிரணுக்களை அழிக்கிறது. இமிகுயிமோட் களிம்பு உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. மேலோட்டமான ஒருவகைத் தோல் புற்றுக்கு 2004-இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. மருந்தைத் தடவி, அதன்மேல் ஒளி பாய்ச்சும் முறையும் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்ணூசிகள் கொண்ட ஒட்டுப்பட்டைகள் ஆய்வில் உள்ளன. அவ்வூசிகள் தோலுக்குள் கரைந்து மருந்தை விடும். இரத்தத்தில் ஏற்றும் மருந்து உடல் முழுவதும் பரவி வாட்டும். இவற்றிலோ மருந்தின் பெரும்பகுதி நோயுள்ள இடத்திலேயே தங்கும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இன்று பயனிலுள்ள களிம்புகள் மேலோட்டமான நோய்க்கே உதவும். ஆழ வேர்விட்ட புற்றுக்குப் பெரும்பாலும் அறுவையே கதி. எனவே மருந்து தோலைக் கடக்குமுன் நாம் கடக்க வேண்டிய சுவர் வேறொன்று உண்டு. அதுவே வெட்கம்! இடுப்புப் புண்ணை மருத்துவரிடம் காட்ட நம் தாய்மார் கூசுகின்றனர். மஞ்சளைப் பூசியே ஆண்டுகளைக் கழிக்கின்றனர்.

பேரறிஞர் அண்ணாவை 1969-இல் நம்மிடமிருந்து பறித்தது புற்றுநோய். அவர் பெயரால் அமைந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, எங்கள் முசரவாக்கத்துக்கு எட்டும் தொலைவில், காஞ்சிபுரம் காரைப்பேட்டையில்தான் இருக்கிறது.

மாணவத் தோழர்களே! கலைக் கல்லூரியில் பயிலும் நமக்கு மருந்து கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் வீட்டில் எடுத்துச் சொல்லத் தெரியும். நாடாவைத் தளர்த்தி, இடம் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். ஆறாத புண், உள்ளங்காலில் வளரும் கரும்புள்ளி, பழைய தீக்காயத் தழும்பில் எழும் புண் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலத்தோடு காட்டியவருக்கே களிம்பு மருந்தாகும்.