மூலம்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?

எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஒட்டியிருக்கிற ‘மூலம், பௌத்திரம் - ஆபரேஷன் இல்லாமல் குணம்’ நோட்டீஸைப் படிக்காம மாம்பலத்துல இறங்கினவங்க யாராவது உண்டா மக்களே? அந்த நோட்டீஸ்தான் நம்மள்ல பல பேருக்கு டாக்டர். மலத்துல ரத்தமா? மூலம். மூணு வாரமா ஒரு நாள் வயித்தால போகுது, ஒரு நாள் கட்டிக்குதா? உடம்புச் சூடு. மயிலாப்பூர் மாமி துத்திக்கீரை சொல்வார், ஆபீஸ் நண்பர் கருணைக்கிழங்கு சொல்வார். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டாங்க.

பெரும்பாலும் மூலமாத்தான் இருக்கும், மறுக்கல. அந்த ‘பெரும்பாலும்’லதான் சிக்கலே. மூலம் இருக்கிறவருக்குப் புற்றுநோய் வராதுன்னு சட்டமா இருக்கு?

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை 1923-ல மலக்குடல் புற்றுநோயால இறந்துபோனாங்க. முதல்ல சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் பார்த்திருக்காங்க. அக்கா டாக்டரா இருந்த வீட்டுலயே அந்தக் கதி! 1954-ல ஆஸ்பத்திரியும் வந்தாச்சு. நாம இன்னும் 1923-லயே நிக்கிறோம்.

கேட்டா கூச்சமாம். டாக்டர் கையுறை போட்டு விரலால சோதிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? மலக்குடல் கட்டிகள் பலது அதுலயே தட்டுப்படும். தேவைப்பட்டா கொலனோஸ்கோபி. சுகர், பிரஷர், மாப்பிள்ளை சம்பளம்னு நடேசன் பார்க்கே அதிர வாக்கிங்ல பேசறவங்களுக்கு, இதை மட்டும் டாக்டர்கிட்ட சொல்ல வாய் வராது.

‘எங்க தாத்தாவுக்கு மோர்லயே சரியாச்சு’ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, தாத்தாவை யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களான்னும் சேர்த்து எழுதுங்க.