யார் மீது புகார் கொடுப்பது?

கொல்கத்தாவின் கிழக்கே சதுப்பு நிலத்தை ஹூக்ளி ஆற்று வண்டலால் மேடாக்கி எழுப்பிய நகரம் சால்ட் லேக். 1970களில் இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. பிள்ளைகளில் பலர் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். முதியோருக்கென்றே பிதான்நகர் போலீஸ் 'சாஞ்ச்பாதி' (அந்தி விளக்கு) என்ற திட்டம் தொடங்கியது. திருடனுக்கும் திடீர் நோய்க்கும் இது நல்ல துணை. ஆனால் கை ஓங்குகிறவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்?

கிழவியை யார் அடிப்பார்கள் என்று ஊர் நினைக்கிறது. அரசாங்கமும் அப்படித்தான். தேசிய குடும்ப நல ஆய்வு, கணவனின் அடி உதை பற்றிக் கேட்பது 49 வயதைத் தாண்டாத பெண்களிடம் மட்டுமே. ஐம்பதாவது பிறந்த நாளோடு அடி நின்றுவிடும் போலும்!

சட்டத்துக்குக் குறைவில்லை. குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டம் தாய்க்கும் பொருந்தும். 2016இல் ஹர்சோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதிலிருந்து 'வயது வந்த ஆண்' என்பதை நீக்கியதால் மருமகள் மீதும் புகார் தரலாம். பெற்றோர் வீட்டில் வாழும் மகனும் மருமகளும் அதிகபட்சம் அவர்கள் அனுமதியில் தங்கியிருப்பவர்களே, வெளியேற்றலாம் என்று 2021இல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சிக்கலே அங்குதான். மகன் வெளியேறுவதை அந்தத் தாய் கேட்கவில்லை. அடி நிற்க வேண்டும், மகன் இருக்க வேண்டும். நள்ளிரவில் மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், நாளை கொள்ளி வைப்பதும் அவன்தானே? பேரனை இனிப் பார்க்க விடுவார்களா என்ற பயம் வேறு. இதற்கெல்லாம் மேல் மானம். மகன் அடித்தான் என்று சொன்னால் 'வளர்த்த லட்சணம்' என்று பழி தாய் மீதே திரும்பும்.

அடிப்பவர் கணவர் என்றால் கணக்கு வேறு. வீட்டுப் பத்திரம், பென்ஷன், பாங்க் கணக்கு பெரும்பாலும் அவர் பெயரில். பிறந்த வீட்டில் பெற்றோர் இல்லை. அண்ணன் தம்பிகளும் தள்ளாதவர்கள். முதியோர் இல்லம் பணம் கேட்கும். நாற்பது வருஷம் பொறுத்தாயிற்று, இனி என்ன என்று மனமும் மரத்துப் போகிறது.

டாக்டர் விசாரித்தால் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்கள். மகனோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன சொல்வது? மருந்து வாங்கி வரும்படி அவரை ஐந்து நிமிடம் வெளியே அனுப்பினால் பதில் மாறக்கூடும். வழுக்கி விழுந்தவருக்கு மேல் கையின் உட்புறத்தில் விரல் தடம் பதியாது.