தரையைப் பாராமல் கூடாரம் வாங்குவோர்

வாகனத்தில் சென்று வெளியிடங்களில் கூடாரமடித்துத் தங்கும் வழக்கம் இலங்கையில் பெருகி வருகிறது. புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மவரின் பிள்ளைகள், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பழகிய அந்த இன்பத்தைப் பெற்றோரின் மண்ணிலும் நுகர விரும்புவதில் குற்றமேதும் காணேன். வாகனத்தின் கூரைமேல் பொருத்தி, ஏணி வைத்து ஏறிப் படுக்கும் கூடாரமே உயர்ந்தது, தரையில் அடிக்கும் கூடாரம் வசதியற்றவரின் சாதனம் என்று அவர்களுக்குப் போதிக்கப்படுவதையே நான் எதிர்க்கிறேன். விற்பவர்கள் இதைச் சொல்வதில் வியப்பில்லை. அது அவர்கள் தொழில். மலைமுகட்டில் ஜீப்பை நிறுத்தி அதன் உச்சியில் அமர்ந்து தேநீர் அருந்தும் படங்களைப் பார்த்துவிட்டுப் படித்தவர்களும் இதையே ஒப்பிக்கிறார்கள் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் உள்ள அலுவிகாரையை வைத்தே இவ்வழக்கை நடத்தலாம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது இங்குள்ள பாறைக் குகைகளில்தான் என்பது பௌத்த மரபு. தெற்கிலிருந்து வானில் வருவோர் இவ்விடத்தில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு அல்லது படமெடுத்துவிட்டு, அன்றிரவை எங்கே கழிப்பது என்று யோசிக்கத் தொடங்குவார்கள். மாத்தளைக்குத் திரும்பிக் கிழக்கே இறத்தோட்டை வழியாக ஏறினால் றிவஸ்ரன் மலைப்பக்கம். வடக்கே போனால் நாலந்தா, பிறகு தம்புள்ளை. ஒருபுறம் குளிரும் காற்றும். மறுபுறம் வெக்கை. இரண்டுக்கும் பொதுவானது மழை. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை அது பெய்யும் விதம், கனடாவின் கோடைத் தூறலை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்ட கூடாரங்களுக்குத் தெரியாது.

கூரைக்கூடாரத்தை நான் மறுப்பதற்கான முதற் காரணம் எளியது. வாகனம் நிற்கத் தகுந்த இடமும் மனிதர் படுக்கத் தகுந்த இடமும் நம் நாட்டில் ஒன்றாக இருப்பது அரிது. அவுஸ்திரேலியப் பாலைவெளியிலும் ஆபிரிக்கப் புல்வெளியிலும் ஜீப் எங்கே நின்றாலும் அங்கே படுக்கலாம். சாதனமும் அந்நிலங்களுக்கு ஏற்றதே. மாத்தளைப் பக்கத்து வீதிகளிலோ வாகனம் நிறுத்தக் கிடைப்பது வீதியோரம், மண் வெட்டிய மேட்டின் அடி, அல்லது பள்ளத்தின் விளிம்பு. வாகனத்தை அங்கே பத்திரமாக விட்டுவிட்டு, ஐம்பது மீற்றர் நடந்து, மேடும் சமதரையுமான இடம் பார்த்துக் கூடாரமடிக்கும் சுதந்திரம் தரைக்கூடாரக்காரனுக்கு உண்டு. கூரைக்கூடாரக்காரன் தன் வாகனத்துக்குக் கிடைத்த இடத்தில் தானும் படுக்க வேண்டியவன்.

இரண்டாவது காரணம் நள்ளிரவில்தான் விளங்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலோ தகப்பனாருக்கு நெஞ்சடைப்பு என்றாலோ மாத்தளை வைத்தியசாலைக்கு ஓட வாகனம் வேண்டும். கூரைமேல் குடும்பம் படுத்திருந்தால், எல்லோரையும் ஏணியால் இறக்கி, ஈரத்துணியை மடித்து, பட்டி கட்டி, அதன் பிறகே சாவியைத் திருப்பலாம். வாகனத்தின் பின்கதவோடு இணைத்துக் கட்டும் கூடாரங்களையும் இதே காரணத்துக்காக நான் ஒதுக்குகிறேன். கூடாரம் தனித்து நிற்க வேண்டும். வாகனம் வெளியேறும் திசையை நோக்கி நிற்க வேண்டும்.

பாம்பும் அட்டையும் தரையில்தானே, மேலே படுத்தால் அவற்றிலிருந்து தப்பலாமே என்பார்கள். அடித்தளம் சுவர்களோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, சிப்பு முழுமையாக மூடப்படும் உட்கூடாரத்துக்குள் அட்டையும் வராது, பாம்பும் வராது. அவை வருவது நம் சோம்பலால் திறந்து கிடக்கும் வாயில் வழியாகத்தான். அதுவுமன்றி, சிறுநீர் கழிக்க எழும்போது கூரையில் படுத்தவனும் அதே தரையில்தான் இறங்க வேண்டும், அதுவும் மழையில் நனைந்த ஏணியில். அறுபது வயதைத் தாண்டிய தாயாரை அந்த ஏணியில் ஏற்றி இறக்கும் மகனை நான் மெச்ச மாட்டேன்.

பாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். கூரைக்கூடாரங்கள் பெரும்பாலும் நாற்பது முதல் எண்பது கிலோ வரை நிறையுள்ளவை. சாதாரணக் கார்களின் கூரை, ஓட்டத்தின்போது தாங்கலாம் என்று தயாரிப்பாளர் கூறும் பாரம் பலவற்றில் ஐம்பது முதல் நூறு கிலோவுக்குள் அடங்கிவிடும். தாங்கு சட்டங்களின் நிறையும் அதற்குள்தான். 2020இல் தொடங்கிய தனியார் வாகன இறக்குமதித் தடை 2025இன் தொடக்கத்திலேயே நீங்கியது. ஆகவே நம் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி வயதான வாகனங்கள். பதினைந்து வயது வானின் உச்சியில் அத்தனை பாரத்தை ஏற்றி இறத்தோட்டைக்கு அப்பால் உள்ள கொண்டையூசி வளைவுகளில் திருப்பச் சொல்லும் பயணியைவிட, மறுக்கும் சாரதியே அறிவாளி.

சரி, தரைக்கூடாரம் என்றால் எத்தகையது?

இதற்கு விடை அலுவிகாரை போன்ற குகை விகாரைகளிலேயே இருக்கிறது. இலங்கையின் பழைய பௌத்தக் குகைகளின் நெற்றியில், முகப்பின் நீளத்துக்கு ஒரு விளிம்பைச் செதுக்கியிருப்பார்கள். நீர்வடி விளிம்பு என்று தொல்லியலாளர் சொல்வது இதைத்தான். பாறைமேல் விழும் மழைநீர் பாறையைப் பற்றிக்கொண்டே வளைந்து உட்புறம் ஊர்ந்து வரும் இயல்புடையது. விளிம்பை வெட்டிவிட்டால் நீர் அவ்விடத்தில் பிடியிழந்து வெளியே சொட்டிவிடும். உள்ளே ஏடும் மனிதனும் நனையாமல் இருப்பர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் உளியால் செய்த அதே வேலையைத்தான் நல்ல கூடாரத்தின் மேற்போர்வை செய்கிறது. போர்வை உட்கூடாரத்தின் எல்லாப் பக்கங்களையும் கடந்து, தரைக்கு ஒரு சாண் உயரம்வரை இறங்க வேண்டும். உட்கூடாரத்தை எங்கும் தொடக்கூடாது. உச்சியில் மட்டும் தொப்பிபோல ஒரு துணியை வைத்துவிட்டுப் பக்கங்களை வெறுமனே விட்ட கூடாரங்கள் கடற்கரையில் பகல் நிழலுக்கு உதவும். ஒற்றைத் துணியில் ‘தூக்கியெறிந்தால் தானே விரியும்’ என்று விற்கப்படுபவையும் அவ்வாறே. ஐப்பசி மழையில் அவற்றுள் படுப்பது குடை பிடித்துக்கொண்டு குளிப்பதற்கு ஒப்பு.

விலைச்சிட்டையில் மில்லிமீற்றரில் ஓர் எண் இருக்கும். துணியின்மேல் எவ்வளவு உயர நீர்த்தம்பத்தை நிறுத்தினால் அது கசியத் தொடங்கும் என்பதன் அளவு அது. போர்வைக்கு 2000, 3000 போதும். அடித்தளத்துக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். முழங்கால் ஊன்றும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பெரிது. ஆனால் இந்த எண்ணையே பெரிதாக்கி விற்பதும் ஒரு மோசடியே. காற்றோட்டமில்லாத கூடாரத்துள் வெளிமழையைவிட உள்மழை தொல்லை தரும். உறங்கும் ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் வெளிவிடும் ஈரம் கால் லீற்றர் அளவு. நால்வர் படுத்தால் ஒரு லீற்றர். அது வெளியேற வழியில்லையேல் துணியில் படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். எனவே எதிரெதிரே இரு வாயில்களும், வலையாலான உட்சுவரும், மேலே காற்றுப்போக்கியும் உள்ளதையே வாங்க வேண்டும்.

வாகனத்தில் போகிறவன் நிறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தரைக்கூடாரத்தை வைத்திருப்பவனுக்குக் கிடைக்கும் பெரும் சலுகை அது. முதுகில் சுமப்போருக்காக நெய்த மெல்லிய துணிக்கு அதிக விலை கொடுப்பது வீண். ‘நால்வர் கூடாரம்’ என்பது நால்வர் மீன்போல அடுக்கிப் படுக்கும் கூடாரம். ஆளுக்குக் கிடைப்பது இரண்டடிதான். நால்வருக்கு அறுவர் கூடாரம் வாங்குக. கம்புகள் அலுமினியமாக இருக்கட்டும். பைபர்கிளாஸ் காற்றில் பிளந்து துணியையும் கிழிக்கும். கூடவே வரும் ஊசி போன்ற முளைகளை எறிந்துவிட்டு, மாத்தளையில் இரும்புக்கடையில் நீண்ட ஆணிகளோ, ஈரமண்ணுக்கு ஒரு முழ நீள மரமுளைகளோ வாங்கிக்கொள்க. கடைசியாக, மேலே தனியே கட்ட ஒரு பெரிய படங்கு. அதன்கீழ் சமைக்கலாம், செருப்பை விடலாம், மழை விடும்வரை கதிரை போட்டுக் கதைக்கலாம். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவோரும், குளிரூட்டிக்காக எஞ்சினை ஓடவிட்டு வாகனத்தில் உறங்குவோரும் தம் உயிரோடு விளையாடுகிறார்கள். புகைக்கு மணம் உண்டு, அதைவிடக் கொடிய காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை.

கீழே விரிக்கும் படங்கு கூடாரத்தின் அடித்தளத்தைவிட நான்கு விரல் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீண்டால் போர்வையிலிருந்து வடியும் நீரை அதுவே ஏந்தி உங்கள் முதுகின்கீழ் கொண்டுவந்து சேர்க்கும்.

இவையெல்லாம் சரியாக அமைந்தும் தரை பிழைத்தால் என்னவாகும் என்பதை நம்மவருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். காட்டை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் நெருக்கமாகக் கூடாரங்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மழையில் வெள்ளம் கூடாரங்களுக்குள் புகுந்தது. நீர் வடிய வழி செய்யாத தரையில் எந்த நிறுவனத்தின் எத்தகைய துணியும் பயன்படாது. அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அங்கே படுத்தவர்களுக்குக் கூடாரம் என்ற சொல் இன்னும் மூடப்படவில்லை. வன்னியில் பிறந்த உங்கள் பெரியம்மா ‘எனக்கு உது வேண்டாம் மோனை’ என்று சொன்னால் அது நாகரிகம் அறியாமை அன்று. வற்புறுத்தாதீர்கள்.

மலைப்பகுதிக்கும் இதே விதி, இன்னும் கடுமையாக. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டில் பல நூறு உயிர்களைக் குடித்தது, பெரும்பாலும் மண்சரிவினால். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் அப்பக்கம் கூடாரத்தை ஏற்றுவதே தகாது. மற்ற நாள்களிலும் வெட்டிய மண்மேட்டின் அடியில், புதிதாக வெடித்த நிலத்தில், சாய்ந்து வளர்ந்த மரங்களுள்ள சரிவில் படுக்காதீர்கள். ஓடையோர மணல் பார்க்க மெத்தைபோல இருக்கும். மேலே மலையில் பெய்யும் மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதில்லை, நீர் நள்ளிரவில் வந்து சேரும். பலாவும் தென்னையும் நிழலுக்கு நல்லவை, தலைக்கு நல்லவை அல்ல. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் பழக்கத்தையும் விடுங்கள். தொல்லியல் நிலமாயின் மண்ணைத் தோண்டுவது 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். நீர் நிற்காத மேட்டைத் தேர்ந்தவனுக்கு வாய்க்கால் எதற்கு?

தரை யாருடையது என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை என்பதே என் மிகப் பெரிய மனக்குறை. நக்கிள்ஸ் காடு 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதிகளுள் ஒன்று. அங்கே தங்க வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விகாரையின் வளவு வழிபாட்டிடம். மற்றையது தோட்டம். இங்குதான் நம்மவர் ஒரு கொடுமையைச் செய்கிறார்கள். தமிழ் பேசும் முகத்தைக் கண்டதும் லயத்து மனிதரிடம், ‘அண்ணை, இதில ஒரு இரவு படுக்கலாமோ?’ என்று கேட்கிறார்கள். அவரோ, ‘படுங்கய்யா, அதுக்கென்ன’ என்கிறார். விருந்தினரை விரட்ட அவருக்கு மனம் வராது. ஆனால் அந்த நிலம் அவருடையதன்று. விடிந்தபின் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நீங்கள் அதற்குள் தம்புள்ளையைத் தாண்டியிருப்பீர்கள்.

அவருடைய முன்னோர் இதே வழியாகத்தான் வந்தார்கள். தமிழகத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு. கொலராவிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் வழியோரத்தில் படுத்ததற்குப் படங்கும் இல்லை, போர்வையும் இல்லை. அந்த வரவின் இருநூறாம் ஆண்டை நினைந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அம்மக்களிற் பெரும்பாலோருக்குத் தாம் குடியிருக்கும் தரைக்கு உறுதி இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், இல்லாத நிலத்தை ஓர் இரவுக்கு இரவல் கேட்பது எவ்வளவு நியாயம் என்று கேட்பவர் எண்ணிப் பார்க்கட்டும்.

தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அல்லது மாத்தளை, அலுவிகாரைப் பக்கத்தில் சொந்தக் காணியுள்ள ஒருவரிடம் கேட்டு, கூடாரம் அடிப்பதற்கு முன்பே, பகலில், உரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் நேரமில்லாவிட்டால் மாத்தளையில் வாடிவீடு உண்டு. பெரியம்மாவுக்கு அங்கே ஓர் அறை எடுங்கள். வளவில் இடம் கேட்டுப் பிள்ளைகள் வெளியே கூடாரத்தில் படுக்கட்டும். மழை பிடித்தால் ஓடி வருவதற்குத் தாழ்வாரம் பத்தடியில் இருக்கும்.