தொப்பியைக் கழற்றாத கௌபாய்

போன மாதம் ஒரு படிப்பு வட்டக் கூட்டம். ஹெர்ப் ஜெஃப்ரிஸ் என்ற கறுப்புக் கௌபாய் நடிகரைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். தோழர் ஒருவர் எழுந்தார். "அந்தாளு கறுப்பனே இல்லீங்க. வெள்ளைக்காரிக்குப் பொறந்தவன். மையப் பூசிக்கிட்டு நடிச்சான். கல்யாணத்துக்கு வெள்ளையன்னு எழுதிக் குடுத்தான். இவனப் போயி நாம தூக்கிச் சுமக்கணுமா?" கைதட்டல் விழுந்தது. எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வருவது என் வழக்கம். எழுதி வைக்கிறேன்.

ஆளைத் தெரியாதவர்களுக்காக: 1913இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். தாய் அயர்லாந்து வழிவந்த வெள்ளைப் பெண். தகப்பன் வழியைப் பற்றி ஜெஃப்ரிஸ் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்று சொல்லியிருக்கிறார். 1930களின் தொடக்கத்தில் ஏர்ல் ஹைன்ஸின் ஜாஸ் குழுவில் பாடிக்கொண்டு தென் மாநிலங்களைச் சுற்றினார். அங்கே கறுப்பருக்குத் தனிக் கொட்டகை. உள்ளே ஓடுவது வெள்ளைக் கௌபாய் படம். சனம் காசு கொடுத்து அடித்துப் பிடித்துக்கொண்டு போய் அதைத்தான் பார்க்கிறது. இன்னொரு சம்பவத்தையும் பிற்காலப் பேட்டிகளில் அவர் சொல்வதுண்டு. சின்சினாட்டியில் ஒரு சந்தில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பையன் ஒருவன் மட்டும் அழுதுகொண்டு நின்றான். அவன் டாம் மிக்ஸாக வேடம் போட வேண்டுமாம். டாம் மிக்ஸ் கறுப்பன் இல்லையே என்று மற்றவர்கள் விரட்டிவிட்டார்களாம். கதையில் கொஞ்சம் ஜோடனை இருக்கலாம், சினிமாக்காரர்தானே. ஆனால் அந்தப் பையனை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இத்தனைக்கும் கௌபாய் வேலையே வெள்ளையனுடைய வேலை இல்லை. அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தவர்கள் மெக்ஸிகோவின் வாக்கேரோக்கள். 'பக்கரூ' என்ற சொல்லே 'வாக்கேரோ' என்பதன் திரிபு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிப்போனவர்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். டென்னஸியில் அடிமையாகப் பிறந்த நாட் லவ் கௌபாயாகி, 1907இல் தன்வரலாறே எழுதி வெளியிட்டார். ஓடுகிற காளையின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் வித்தைக்குப் பேர் வாங்கியவர் பில் பிக்கெட் என்ற கறுப்பர். இவ்வளவு பேரையும் ஹாலிவுட் ஒரே துடைப்பாகத் துடைத்துவிட்டது. மாட்டை மேய்த்தவன் ஒருத்தன், படத்தில் குதிரைமேல் வந்தவன் வேறொருத்தன்.

பாடும் கௌபாய் கதை இன்னும் வேடிக்கை. 1933இல் ஜான் வேன் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' படத்தில் பாடும் கௌபாயாக வந்தார். வாய் அவருடையது, குரல் வேறொருவருடையது. 1935இல் ஜீன் ஆட்ரி வந்தபின் கிட்டாரும் குதிரையுமாக அது ஒரு தொழிற்சாலையே ஆகிவிட்டது. சொந்தக் குரல்கூட இல்லாத வேனை யாராவது 'நீ அசல் கௌபாயா?' என்று கேட்டார்களா? நம் தோழரும் கேட்க மாட்டார். அசலா, போலியா என்கிற விசாரணையெல்லாம் ஜெஃப்ரிஸுக்குத்தான்.

1937இல் ஜெட் புயல் என்ற வெள்ளைத் தயாரிப்பாளரைப் பிடித்து 'ஹார்லெம் ஆன் தி ப்ரெய்ரி' எடுக்க வைத்தார். கறுப்பர்களே நடித்த முதல் பேசும் கௌபாய் படம் என்று விளம்பரம். பிறகு ரிச்சர்ட் கான் இயக்கத்தில் மூன்று: 'டூ-கன் மேன் ஃப்ரம் ஹார்லெம்' 1938இல், 'தி ப்ரான்ஸ் பக்கரூ'வும் 'ஹார்லெம் ரைட்ஸ் தி ரேஞ்ச்'சும் 1939இல். எல்லாம் சில்லறைக் காசில் அவசர அவசரமாக எடுத்தவை. கலிஃபோர்னியாவில் விக்டர்வில் பக்கம் மர்ரே என்ற கறுப்புத் தம்பதிக்குச் சொந்தமான பண்ணையில் படப்பிடிப்பு நடந்தது. கறுப்பர் காசு கொடுத்துத் தங்கி, குதிரையேறிப் பழகிய இடம் அது.

'ப்ரான்ஸ் பக்கரூ'வைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். நல்ல படம் என்று சொல்லிப் பொய்யனாக மாட்டேன். சண்டைகள் ஒப்புக்கு நடக்கின்றன, வசனம் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அரைமணி நேரம் ஓடிய பிறகு திடுக்கென்று ஒன்று உறைத்தது: இந்த ஊரில் வெள்ளைக்காரனே இல்லை! நிலத்துக்காரன் கறுப்பன், ஷெரிஃப் கறுப்பன், நிலத்தடித் தங்கத்துக்காகப் பண்ணையை அபகரிக்கப் பார்க்கும் வில்லனும் கறுப்பன். ஐயா என்று கும்பிட அங்கே ஆளே இல்லை. ஓட்டுப்போடவே போராட வேண்டியிருந்த 1939ஆம் ஆண்டுத் தெற்கத்திக் கறுப்பர் தனிக் கொட்டகையில் உட்கார்ந்து இதைப் பார்த்திருப்பார்கள். வெள்ளையனைத் திட்டும் வசனம் ஒன்றுகூட இல்லாத படம், ஆனால் வெள்ளையன் இல்லாமல் ஊர் நடக்கிறது.

இதோடு நிறுத்தினால் நானும் துதிபாடிதான். அதே படத்தில் டஸ்டி என்று ஒரு பாத்திரம். நடித்தவர் லூசியஸ் புரூக்ஸ். குரலை இடம் மாற்றிப் பேசத் தெரிந்த ஒருவன், கோவேறு கழுதை பேசுவதாக நம்பவைத்து இவன் தலையில் கட்டிவிடுகிறான். இவன் அந்தக் கழுதையைப் பேச வைக்கப் படாதபாடு படுகிறான், கொட்டகை சிரிக்கிறது. வெளுத்த நிறம் நாயகனுக்கு, கறுத்த நிறம் கோமாளிக்கு. வெள்ளையனைத் திரைக்கு வெளியே தள்ளினார்கள், அவன் போட்ட நிற ஏணி உள்ளேயே நின்றது. பட்டத்தையே பாருங்கள். கறுப்பு பக்கரூ அல்ல, வெண்கல பக்கரூ! நமக்குள்ளேயும் மேல்படி கீழ்ப்படி பார்க்கிறவர்கள் இந்தப் பட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

இப்போது மை விஷயம். ஜெஃப்ரிஸின் நிறம் 'போதாது' என்று முகத்தைக் கறுப்பாக்க ஒப்பனை போட்டார்கள். தொப்பியைக் கழற்றாமலே நடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தோழர் இதைத்தான் மோசடி என்கிறார். நான் கேட்கிறேன்: வெள்ளையன் என்று சொல்லிக்கொண்டு போயிருந்தால் அந்த ஆளை யார் தடுத்திருப்பார்கள்? அப்படிப் போய்ச் சேர்ந்து, சொந்தபந்தத்தைத் தெருவில் கண்டால் முகம் திருப்பிக்கொண்டவர்கள் அந்நாட்டில் ஏராளம். லாபம் இருந்த பக்கம் வெள்ளை. தனிக் கொட்டகையும் பின்வாசலும் இருந்த பக்கம் கறுப்பு. இவர் மையைப் பூசிக்கொண்டு பின்வாசல் பக்கம் வந்தார். 1940 வாக்கில் டியூக் எலிங்டன் குழுவில் சேர்ந்து 'ஃபிளமிங்கோ' பாட்டால் நாடறிந்தவரானபோதும் கறுப்புக் குழுவின் பாடகர்தான். தெற்கே அந்தக் குழுவுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் இவருக்கும்.

சரி, 1959? டெம்பெஸ்ட் ஸ்டார்ம் என்ற வெள்ளை நடனக்காரியை மணந்தபோது விண்ணப்பத்தில் இனம் என்ற கட்டத்தில் வெள்ளை என்று எழுதினார். உண்மை. கறுப்பர் பத்திரிகை கேட்டது. என்னை எந்த ஒரு இனத்தில் அடைப்பது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. மேடையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம் என்பது அவரைப் படம் பார்த்து வளர்ந்த பையனுக்குக் கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தோழர் ஒன்றை மறக்கிறார். வெள்ளையரும் கறுப்பரும் மணந்தால் குற்றம் என்று அந்த நாட்டின் பல மாநிலங்களில் அப்போது சட்டம் இருந்தது. 1967இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ஒழித்தது. முதலில் அந்தக் கட்டத்தைப் போட்டவன் யார்? அவனை விட்டுவிட்டு, அதில் தடுமாறி எழுதினவனை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறோம்?

நான் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்ட வீட்டுக்காரரிடம் ஊர்ப்பேரைச் சொல்லித் தெருப்பேரை விழுங்கியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஒரு வீடு கிடைத்தது. அங்கே பதினோரு மாதம், ஊரிலிருந்து அம்மாவை வரவிடாமல் ஏதேதோ சாக்குச் சொன்னேன். அதற்குப் பிறகும் மேடையேறி அடையாளம் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்குக் கைதட்டினவர்களில் எத்தனை பேர் தெருப்பேரை விழுங்காதவர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை என்று மேலே எழுதியது இதனால்தான்.

ஜெஃப்ரிஸ் சில ஆண்டுகள் பிரான்சில் இரவு விடுதி நடத்தினார், திரும்பி வந்து பாடினார், 1995இல் கௌபாய் பாட்டுக்களையே மீண்டும் இசைத்தட்டாக்கினார். 2014 மே மாதம், நூறு வயதில் இறந்தார்.

தோழரிடம் போனில் சொன்னேன், அடுத்த கூட்டத்தில் 'ப்ரான்ஸ் பக்கரூ' போடலாம், ஒரு மணி நேரப் படம்தான் என்று. "போடுங்க" என்றார். "ஆனா அந்தக் கழுத பேசுற எடம் வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."