மழை அறியாத குன்று

வானம் சற்று இருட்டினாலே போதும். மொட்டை மாடிக்கு ஓடி, உலர்த்திய வடாமையும் துணிமணிகளையும் வாரிக்கொண்டு வருகிறவர்கள் நாம். அந்தக் கவலையே இல்லாத ஓர் ஊர் உண்டு என்றால் நம்புவீர்களா, நேயர்களே?

தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வடகோடியில், பசிபிக் கடற்கரையில் இருக்கிறது அரிக்கா பட்டணம். அங்கே ஆண்டு முழுவதும் பெய்கிற மழை சராசரியாக ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே பெய்யவில்லை! அப்போது பிறந்த குழந்தை, பதினான்கு வயதாகும் வரை மழை என்றால் என்னவென்று கேள்விப்பட்டுத்தான் இருக்கும்.

எதிரே அவ்வளவு பெரிய கடல் இருந்தும் ஏன் இந்த வறட்சி? கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்து கனத்துவிடுவதால், மேலெழும்பி மழை மேகமாவதில்லை. கிழக்கிலிருந்து வரும் ஈரத்தையோ ஆண்டீஸ் மலை தடுத்துவிடுகிறது. நடுவே அகப்பட்டுக்கொண்டது அடகாமா பாலைவனம்.

அந்தப் பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில், ஊருக்குக் காவல்காரனைப் போல், 139 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஒரு மொட்டைக் குன்று. பெயர் மோரோ.

பாலைவனத்து வெடியுப்பை முன்னிட்டு 1879-ல் சிலிக்கும், பெரு, பொலிவியா நாடுகளுக்கும் போர் மூண்டது. அரிக்கா அப்போது பெருவுக்குச் சொந்தம். ஊரைச் சூழ்ந்த சிலிப் படை, சரணடையும்படி தூது அனுப்பியது. பெருவின் தளபதி பொலொக்னேசிக்கு வயது 63. தம் அதிகாரிகளைக் கலந்துகொண்டு, கடைசித் தோட்டா தீரும் வரை போராடுவோம் என்று பதில் சொல்லி அனுப்பினார். 1880 ஜூன் 7 அதிகாலையில் தாக்குதல் தொடங்கியது. சுமார் ஒரு மணி நேரத்தில் குன்று வீழ்ந்தது, கிழவரும் மாண்டார். பெரு நாட்டார் இன்றும் அந்த நாளைத்தான் கொடி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

1929 ஒப்பந்தத்தில் அரிக்கா சிலிக்கும், பக்கத்து டாக்னா பெருவுக்கும் என்று முடிவாயிற்று. குன்றிலிருந்து பீரங்கிகளை அகற்றவும், நட்புச் சின்னம் ஒன்று எழுப்பவும் இசைந்தார்கள். அந்தச் சின்னம் எழும்ப எழுபது வருஷம் போல் ஆயிற்று! இப்போது உச்சியில் கிறிஸ்துநாதர் கைகளை விரித்து நிற்கிறார்.

ஆனால், மோரோவின் உச்சியைவிட அதன் அடிவாரக் கதைதான் நம் நெஞ்சைத் தொடும். 2004-ல் அங்கே ஒரு பழைய வீட்டை ஓட்டலாக மாற்றத் தோண்டியபோது, வரிசை வரிசையாகச் சடலங்கள் தென்பட்டன. சின்சோரோ என்ற மீனவ மக்கள் பதப்படுத்திப் புதைத்தவை அவை. எகிப்தியர் அந்த வித்தையைக் கற்பதற்குச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இந்தக் கடற்கரையில் அது வழக்கத்தில் இருந்தது.

எகிப்தில் முதலில் அரசர்களுக்குத்தான் அந்த மரியாதை. இங்கேயோ பச்சிளம் சிசுவுக்கும் உண்டு. கருவிலேயே கலைந்த பிண்டத்துக்கும் உண்டு. எலும்போடு குச்சிகளைக் கட்டி, களிமண் பூசி, தலைமுடி வைத்து, முகமும் செய்திருக்கிறார்கள். தெற்கே கமரோனஸ் பள்ளத்தாக்கில் ஆற்று நீரில் ஆர்ஸனிக் பாஷாணம் மிகுதி. அதனால் சிசுக்கள் மடிய, இழப்பைத் தாங்காத பெற்றோரே இந்த வழக்கத்தைத் தொடங்கியிருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். போன குழந்தையின் முகத்தை மறக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

2021-ல் யுனெஸ்கோ அந்தக் குன்றின் வடக்குச் சரிவையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஆனாலும் ஒரு கவலை. காட்சிசாலையில் வைத்துள்ள சடலங்கள் சில, காற்றில் ஈரம் கூடியதால் கசியத் தொடங்கியதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். ஏழாயிரம் ஆண்டுகளாக அந்தச் சிசுக்களைக் காத்து வந்தது வறண்ட காற்றுத்தான். நாம் மழைக்காக ஏங்குகிறோம். அங்கே உள்ளவர்களோ, ஈரம் வந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறார்கள்!